கேசட்டின் பி பக்கம்

“பிள்ளத்தாச்சிகளுக்கு வயித்துல வச்சு ஸ்கேன் எடுப்பாகளே, அதானம்மா இது?” என்று கேட்டாள் ஜெய்த்தூன் பீவி.

“அதே ஒலிதாம்மா. நம்ம காதுக்குக் கேக்காது. அங்க உள்ள என்ன இருக்குன்னு பாக்க விடுவாங்க. இங்க மண்டைக்குள்ள ஒரு அரிசி அளவு இடத்தைத் தொட்டுப் பாக்க விடுறோம்” என்றாள் டாக்டர் நிலானி.

“கத்தி கித்தி வைக்க மாட்டீகளே?”

“ஒரு முடியக்கூட வெட்ட மாட்டோம். ஜெல் மட்டும் சில்லுனு இருக்கும். பூனை மூக்கால தொட்ட மாதிரி.”

“அப்ப சரி. எங்க வீட்டுல மூணு பூனை” என்று சொல்லிவிட்டு ஜெய்த்தூன் பிஸ்மி சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த அறையில் இருந்த இரண்டு ஆண் உதவியாளர்களையும் நிலானி முன்பே வெளியே அனுப்பியிருந்தாள். யாரும் கேட்கவில்லை; அவளாகச் செய்தாள். முக்காட்டை மெல்ல விலக்கி, நரைத்த முடியை வகிடு வகிடாகப் பிரித்து ஜெல் தடவி, தேன்கூடு போல் சிறு வட்டங்கள் பதித்த ஒரு தொப்பியை மாட்டினாள். முடிந்ததும் வெந்நீரில் நனைத்த துண்டால் அவளே துடைத்தும் விட்டாள். முப்பத்து நான்கு வயதுப் பெண், பெரிய படிப்புப் படித்தவள், தன் தலையைத் துடைத்துவிடுகிறாளே என்று ஜெய்த்தூனுக்குக் கூச்சமாக இருந்தது.

இது நடந்தது இரண்டாயிரத்து நாற்பத்தொன்றில், மதுரையில் ஒத்தக்கடையைத் தாண்டி இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தில். ஞாபகம் மூளையில் எங்கெங்கே தங்குகிறது என்று அதற்குள் ஓரளவு கண்டுபிடித்துவிட்டார்கள். அது எப்படித் திரும்பி வருகிறது என்பதுதான் பிடிபடவில்லை. பழைய ஞாபகம் ஒன்றை எடுக்கும்போது பல இடங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியாக ஒலியால் தட்டிவிட்டு என்ன மாறுகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு. அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள், ஒரு குரலை மறந்துவிட்டு அதைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் வரலாம் என்று செய்தி போட்டிருந்தார்கள். மகன் அஸ்கர் அதை வாசித்துக் காட்டியபோது ஜெய்த்தூன் சோறு பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வருஷம் ஹஜ்ஜுக்கான குலுக்கலில் அவள் பெயர் வந்திருந்தது. ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறவர்கள் தெரிந்தவர், பழகியவர், சண்டை போட்டவர் எல்லாரிடமும் போய்ப் பொருத்தம் கேட்பது வழக்கம். ‘மனசு நோக ஏதாச்சும் செஞ்சிருந்தா பொருந்திக்குங்க’ என்று இவர் சொல்ல வேண்டும். ‘பொருந்திக்கிட்டேன்’ என்று அவர் சொல்ல வேண்டும். இறைவனுக்குச் செய்த பிழையை இறைவன் மன்னிப்பான். மனிதனுக்குச் செய்த பிழையை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும்.

ஜெய்த்தூன் ஒருவர் விடாமல் கேட்டுவிட்டாள். எதிர்வீட்டு மீனலோசனி பயந்தே போனாள். “ஐயோ அக்கா, எங்கிட்ட எதுக்கு?” என்றாள். “என் பூனை உன் தொட்டிச் செடியப் பறிச்சுப் போட்டுச்சுல்ல, அதுக்கு” என்றதும் இருவரும் வாசலில் நின்று சிரித்தார்கள். தொண்டியில் இருக்கும் நாத்தனார் மஹ்மூதாவிடம் போனில் கேட்டாள். “பொருந்திக்கிட்டேன் மதினி” என்று மஹ்மூதாவும் சொல்லிவிட்டாள்.

மிச்சம் இருந்தது ஒரே ஒருவர். அவர் இறந்து நாற்பத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது.

ஜெய்த்தூன் வாழ்க்கைப்பட்டுப் போன தொண்டி வீட்டில் கடிதத்தைவிடக் கேசட்டுக்குத்தான் மரியாதை. கணவர் அபுதாகிர் அரபு நாட்டில், தம்மாமில் வேலை பார்த்தார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருகிற வேறொருவர் கையில் ஒரு கேசட் கொடுத்தனுப்புவார். அது வந்த அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு வீடே கூடும். பெரிய டேப் ரிக்கார்டரை நடுவில் வைத்து, மாமனார் பட்டனை அழுத்துவார். முதலில் தம்மாம் அறையின் ஏசி இரைச்சல் வரும். யாரோ இருமுவார்கள். பிறகு அபுதாகிர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி சலாம் சொல்வார். சொல்லிவிட்டுப் பதில் சொல்வதற்கென்று கொஞ்சம் இடைவெளியும் விடுவார். மாமியார் அந்த இடைவெளியில், “வஅலைக்கும் ஸலாம் வாப்பா. சாப்பிட்டியா?” என்று பெட்டியைப் பார்த்துக் கேட்பாள். பெட்டியும், “சாப்பிட்டேம்மா, இன்னைக்கு மீனாணம்” என்று சொல்லும். வீடு குலுங்கச் சிரிக்கும். மாமியார் மட்டும் சிரிக்க மாட்டாள். அவளுக்கு அது பேச்சுதான்.

அது ஏ பக்கம். பி பக்கம் பெண்டாட்டிக்கு. க்ளிக் என்று ஏ பக்கம் முடிந்ததும் மாமியாரே கேசட்டை எடுத்து மருமகள் கையில் கொடுத்துவிடுவாள். ஜெய்த்தூன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து, காதைப் பெட்டியோடு ஒட்டிக் கேட்பாள். அந்த நேரம் அந்தக் கதவருகே யாரும் நடமாட மாட்டார்கள். பி பக்கத்தைத் தொடுவது அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பதைவிடப் பெரிய குற்றம்.

அந்த ஆள் தம்மாம் திரும்பக் கிளம்பும்போது அதே கேசட்டில் இவர்கள் பேசி அனுப்புவார்கள். அவர் குரலின் மேல் இவர்கள் குரல். அடுத்த முறை இவர்கள் குரலின் மேல் அவர் குரல். பத்திரப்படுத்த வேண்டிய கேசட் என்றால் அதன் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் முனையை உடைத்துவிடுவார்கள். அப்புறம் அதில் பதிய முடியாது. மார்க்கச் சொற்பொழிவு இருக்கும் பயான் கேசட்டுகளுக்கெல்லாம் முனையை உடைத்தார்கள். வீட்டு மனிதனின் குரலுக்கு யாரும் உடைக்கவில்லை. அதுதான் வந்துகொண்டே இருக்குமே!

தொண்ணூற்று மூன்றில் அபுதாகிரின் லீவு மூன்றாம் முறையாகத் தள்ளிப்போயிற்று. மகன் பிறந்து அவர் முகம் பார்க்கவில்லை. இருபது வயது ஜெய்த்தூன் பி பக்கத்தில் வெடித்துவிட்டாள். “குரலோட குடும்பம் நடத்த நான் என்ன ரேடியோவையா கட்டிக்கிட்டேன்? வர்றதா இருந்தா வாங்க. இல்லாட்டி கேசட்டும் வேணாம், நீங்களும் வேணாம்.”

பதில் வந்தது. அவள் கோபம் தீராமல்தான் அதைப் போட்டாள். மடியில் குழந்தைக்குக் காய்ச்சல், அழுகை. அரைக் காதால் கேட்டாள். நாளைக்கு நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்துவிட்டாள். மறுநாள் காலையே, நாளை மறுநாள் போக வேண்டிய ஆள் இன்றே கிளம்புவதாகத் தகவல் வந்தது. வீடே பரபரவென்று கேசட்டில் பேசியது. ஜெய்த்தூனும் பி பக்கத்தில் குழந்தையின் காய்ச்சலைப் பற்றி வறட்டென்று பத்து நிமிஷம் பேசிக் கொடுத்தனுப்பினாள்.

பதினோராம் நாள் தம்மாமுக்கு வெளியே ஒரு சாலை விபத்தில் அபுதாகிர் மௌத்தானார். அவருடைய பெட்டியோடு அந்தக் கேசட்டும் திரும்பி வந்தது. அதன் பி பக்கத்தில் இருந்தது அவள் குரல் மட்டும்தான்.

அவர் பதில் சொன்னார். அந்தப் பதில் அவள் காதுக்குள் போனது. பொருந்திக்கொண்டாரா, கோபித்துக்கொண்டாரா? அது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

முதல் இரண்டு அமர்வுகளும் திருவிழா மாதிரி இருந்தன. அந்தக் கேசட்டை ஓட்ட நிலானி எங்கிருந்தோ ஒரு பழைய டேப் ரிக்கார்டரைத் தேடிப் பிடித்து வைத்திருந்தாள். இருபது வயது ஜெய்த்தூன் அதில் பேசினாள். அறுபத்தெட்டு வயது ஜெய்த்தூன் கேட்டுவிட்டு, “என்ன திமிரு பாரு இவளுக்கு!” என்றாள். பிறகு தொப்பிக்குள் ஒரு மெல்லிய அதிர்வு. “தேடாதீங்கம்மா. வர்றதை மட்டும் சொல்லுங்க” என்றாள் நிலானி.

வந்தது. ஊருக்கு வந்தவர் பெட்டியைத் திறந்ததும் எழும் வெளிநாட்டு சோப்பு மணம். கண்ணாடித் தம்ளரில் கரைத்த ஆரஞ்சுப் பொடியின் நிறம். நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலைச் செருகிச் சுற்றும் மாமனாரின் பெருவிரல். ‘பக்கத்துக் கட்டில்ல இருக்க ஹாஜா பேசுறேன், எங்க வீட்டுல சொல்லிடுங்க’ என்று இடையில் நுழைந்த யாரோ ஒருவரின் குரல். அந்தச் செய்தியைச் சொல்ல, அப்போதே மஹ்மூதா மூன்றாவது தெருவுக்கு ஓடியது. ஒன்றொன்றையும் ஜெய்த்தூன் இப்போது நடப்பது போலச் சொல்லிச் சிரித்தாள், அழுதாள். “எத்தனை நிச்சயம்மா? ஒண்ணுலருந்து பத்துக்குள்ள சொல்லுங்க” என்று ஒவ்வொன்றுக்கும் நிலானி கேட்டாள். ஜெய்த்தூன் ஆறு என்றாள், எட்டு என்றாள், சிலதற்கு நாலு என்றாள்.

ஆனால் பி பக்கம் வரவில்லை.

மூன்றாம் அமர்வில் வந்தது. நிலானி பல கேள்விகள் கேட்டாள். கல்யாணத்தன்று மழையா, மாமனார் இடது கைக்காரரா என்று என்னென்னவோ. கடைசியாக, “உங்க வீட்டுக்காரர் அன்னைக்கு என்னம்மா சொன்னார்?” என்றாள். ஜெய்த்தூன் வாயைத் திறக்குமுன் அந்தக் குரல் வந்துவிட்டது. ‘நான் பொருந்திக்கிட்டேன் ஜெய்த்தூனு.’

“எத்தனைம்மா, பத்துக்கு?”

“பத்தா? நூறு போடும்மா!”

வீட்டுக்குப் போனதும் முட்டை உடைத்து, தேங்காய்ப் பால் பிழிந்து வட்டலப்பம் செய்தாள். எதிர்வீட்டுக்குக் கொடுத்தாள். ஆராய்ச்சி நிலையத்துக்கும் அஸ்கர் கையில் ஒரு பாத்திரம் போயிற்று. ‘டாக்டரம்மாவுக்குத் தனியா எடுத்து வச்சிருக்கேன், அவளே சாப்பிடணும்’ என்று சொல்லி அனுப்பினாள்.

ஒரு வாரம் கழித்து நிலானி இருவரையும் வரச்சொன்னாள். தொப்பி இல்லை, ஜெல் இல்லை. மேசை மேல் ஒரு பழைய புகைப்படம் மட்டும் இருந்தது. கல்யாண ஆல்பத்திலிருந்து அஸ்கர் கொடுத்திருந்தது.

“அம்மா, உங்க கல்யாணத்தன்னைக்கு மழை பெஞ்சுதா?”

“பெஞ்சுச்சே! பந்தல் ஒழுகி, மாப்பிள்ளை தொப்பியெல்லாம் நனைஞ்சு… பத்துக்குப் பத்துன்னு சொன்னேனே.”

நிலானி படத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். படத்தில் சுள்ளென்று வெயில். மணலில் குட்டையான கறுப்பு நிழல்கள். வாசலில் நின்ற பெண்கள் கையை நெற்றியில் வைத்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார்கள். காய்ந்த தொப்பியோடு அபுதாகிர் நின்றார்.

ஜெய்த்தூன் வெகுநேரம் அதைப் பார்த்தாள்.

“உள்ள இன்னும் மழை பெய்யுதும்மா” என்றாள் மெதுவாக.

“அதாம்மா. அன்னைக்கு நாங்க தொட்டது ஞாபகம் இருக்குற இடமில்ல. ‘இது சத்தியம்’னு தோணவைக்கிற இடம். அதைத் தட்டிவிட்டா, அந்த நேரத்துல மனசுல எது ஓடுதோ அது நடந்த மாதிரியே ஆயிடுது. மழைன்னு நான் கேட்டேன், மழை வந்துருச்சு.”

“அப்ப அவக பொருந்தலையா?”

“பொருந்தலைன்னு எனக்குத் தெரியாதும்மா. பொருந்தினாருன்னும் தெரியாது. நீங்க ஆசைப்பட்டது வந்திருக்கு. அவ்வளவுதான் தெரியும்.”

அஸ்கருக்கு முகம் சிவந்துவிட்டது. “இதை எதுக்கு மேடம் இப்பச் சொல்றீங்க? ஆய்வு முடியிற வரைக்கும் எங்ககிட்ட எதுவும் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே கையெழுத்து வாங்குனீங்க? எங்க உம்மா இத்தனை வருஷத்துல இந்த ஒரு வாரந்தான் சிரிச்ச முகமா இருந்தாங்க.”

“சொல்லக்கூடாதுதான் சார். சொன்னதால அம்மாவோட பதிவுகளை இனி ஆய்வுல சேக்க முடியாது.” நிலானி சற்று நிறுத்தினாள். “நீங்க வட்டலப்பம் கொண்டாந்து குடுத்தீங்கள்ல. அதைத் தின்னுட்டு என்னால சொல்லாம இருக்க முடியல.”

அஸ்கர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். குரல் தணிந்து கெஞ்சலாகிவிட்டது. “அப்ப இன்னொரு தடவை அதே இடத்தைத் தொட்டுவிடுங்க. இந்தப் பேச்சை உம்மா மறந்துருவாங்கள்ல?”

“பேச்சு மறக்காது. ஆனா நாலஞ்சு தடவை தொட்டா அந்த வாக்கியம் நெலச்சிரும்னு நெனைக்கிறேன். யாரு என்ன படத்தைக் காட்டினாலும் அசையாது. ஆயுசுக்கும்.”

“யாருக்கு மேடம் நட்டம் அதுல?”

 அஸ்கரும் நிலானியும் ஜெய்த்தூனைப் பார்த்தார்கள். அவள் புகைப்படத்தைக் கையில் எடுத்து, கணவரின் காய்ந்த தொப்பியை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். நெஞ்சு முழுக்க அந்த வாக்கியம் சூடாக இருந்தது. வேண்டும் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அது அங்கேயே தங்கிவிடும்.

“ஏன்டா அஸ்கரு” என்றாள் கடைசியில், “நான் ஹஜ்ஜுக்குப் போயி அரபாவுல கையேந்தி நின்னு என்னன்னு சொல்லுவேன்? ‘யா அல்லா, மச்சான் பொருந்திக்கிட்டாக, மதுரையில தொப்பி மாட்டிச் சொன்னாக’ன்னா? அவனுக்குத் தெரியாதா, எது மழை, எது வெயிலுன்னு?”

அஸ்கர் தலையைக் குனிந்துகொண்டான்.

“டாக்டரம்மா, எனக்கு நிச்சயம் வேணாம். நான் பி பக்கம் கேட்ட அந்த ரூமுக்கு மட்டும் இன்னொருக்கா கூட்டிட்டுப் போம்மா. அவக சொன்னதை நான் தேடல. அங்க என்ன கெடக்கோ அதைப் பாத்துட்டு வந்துர்றேன்.”

கணக்கில் சேராத அமர்வுக்கு இயந்திரம் கிடைப்பது லேசல்ல. நிலானி தலைமை விஞ்ஞானியிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கினாள். மறுவாரம் மற்றவர்கள் சாப்பிடப் போகும் மதிய நேரம் ஒதுக்கப்பட்டது. தன் சாப்பாட்டு டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு அவளே ஜெல் தடவினாள்.

“இன்னைக்கு அவரோட பேச்சைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கப்போறதில்லம்மா. ரூம்ல என்ன இருக்கு?”

“மேசை ஃபேனு. ஓடிச்சுனா கடகடங்கும். அது மேல பச்சை நூலு கட்டியிருக்கும். அது பறக்குறதைப் பாத்தா பிள்ளை அழாது… இன்னைக்கு அழுவுது. மேலு நெருப்பாக் கொதிக்குது. கட்டிலு மேல டேப்பு. அவக பேசிக்கிட்டு இருக்காக. எனக்குக் காதுல ஏறல.”

“வேற?”

“கதவு…” ஜெய்த்தூனின் நெற்றி சுருங்கியது. “கதவு ஒரு கை அகலம் திறக்குது. மஹ்மூதா. பதினாறு வயசு. கையில பிள்ளைக்குக் கஞ்சி. அண்ணனைக் காக்கான்னுதான் கூப்பிடும். ‘மதினி, காக்கா என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னாகளா’ங்குது. நான் சள்ளுனு விழுறேன். ‘பி பக்கம் ஓடுறப்ப உள்ள வருவியா? உனக்கு ஒண்ணுமில்ல, போ.’”

அவள் தலையைச் சாய்த்து எதையோ உற்றுக் கேட்டாள். 

“நான் திட்டுறப்பவே பொட்டியில அவக பேசுறாக. என் சத்தத்துக்கு அடியில. ‘மஹ்மூதா படிக்கட்டும். டீச்சர் டிரெய்னிங் சேத்துவிடச் சொல்லு. ஏ பக்கத்துல சொன்னா வாப்பா எல்லாருக்கும் முன்னாடி வேணாம்னுருவாக. நீ நேரம் பாத்துப் பக்குவமாச் சொல்லு ஜெய்த்தூனு, உன்னையத்தான் நம்பியிருக்கேன்.’” ஜெய்த்தூனின் கண்கள் திறந்துகொண்டன. “நான் சொல்லவே இல்லையேம்மா. அதுக்கு மேல பேசி அழிச்சுட்டேனே. அடுத்த வருஷமே அவளுக்குக் கல்யாணம் முடிச்சுட்டாக.”

“எத்தனைம்மா, பத்துக்கு?” நிலானி தயங்கித்தான் கேட்டாள்.

“மூணு இருக்கும்.”

“மூணுன்னா நம்ப முடியாதும்மா. இது ஆசையில வரலைன்னாலும், குத்த உணர்ச்சியும் இப்படிக் கதை கட்டும். இன்னைக்கு நான் தொட்டது ஞாபக இடந்தான். ஆனா அதுவும் பொய் சொல்லும்.”

“சொல்லட்டும். பொய்யா இருந்தா தேவையில்லாம ஒருக்கா பொருத்தம் கேட்டதா ஆகும். அதுல என்ன கொறஞ்சுபோச்சு? மெய்யா இருந்தா?” ஜெய்த்தூன் எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். “பொருத்தம் கேக்குறதுக்குப் பத்துக்குப் பத்தெல்லாம் வேணாம்மா. மூணு போதும். நீ போய்ச் சாப்பிடு, சோறு ஆறிப்போச்சு.”

ஞாயிற்றுக்கிழமை அஸ்கர் அவளைத் தொண்டிக்குக் கூட்டிப்போனான். அறுபத்து நான்கு வயது மஹ்மூதா கூடத்தில் தரையில் உட்கார்ந்து, பேரப்பிள்ளைகளின் நோட்டுகளைச் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தாள். மதினியைக் கண்டதும் நோட்டுகளை ஒதுக்கிவிட்டு எழுந்தாள். மத்தியானச் சோற்று நேரத்துக்கு இப்படிச் சொல்லாமல் வந்துவிட்டீர்களே என்று திட்டினாள். இருந்த மீனை வைத்துப் பத்து நிமிஷத்தில் தட்டும் வைத்துவிட்டாள்.

ஜெய்த்தூன் சோற்றைத் தொடவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். தொப்பி, மழை, கை அகலம் திறந்த கதவு. “இது நெசமான்னு எனக்குத் தெரியாது மஹ்மூதா. மூணுதான். ஆனா கேக்காமப் போக மனசு வரல.”

மஹ்மூதா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, “நீங்க போன்னு சொன்னதும் நான் போயிட்டேன்னா நெனச்சீக?” என்றாள்.

“கேட்டியா நீ!”

“கதவுக்கு வெளிய நின்னேன். ‘மஹ்மூதா படிக்கட்டும்’னு காக்கா சொன்ன வரைக்கும் நின்னேன். அதுக்கு மேல நிக்க முடியல மதினி. சந்தோஷத்துல மொட்டை மாடிக்கு ஓடிட்டேன்.”

“ஏன்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?”

“எந்த வாயால கேக்க? பி பக்கத்தை ஒட்டுக் கேட்டேன்னா? உம்மா தோலை உரிச்சிருக்கும். நீங்களே சொல்லுவீகன்னு தெனம் உங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தேன். அதுக்குள்ள மௌத்துச் செய்தி வந்துருச்சு. நீங்க புருஷனைப் பறிகொடுத்துட்டு நாலு மாசம் இத்தாவுல இருட்டுக்குள்ள உக்காந்திருக்கீக. அப்ப வந்து என் படிப்பு என்னாச்சுன்னு கேப்பேனா?” அவள் சிரித்தாள். “அப்புறம் மாப்பிள்ளை வந்துட்டாக.”

ஜெய்த்தூன் அவள் கையைப் பிடித்தாள். “போன மாசம் போன்ல பொருந்திக்கிட்டேன்னியே. இதையும் சேத்தா?”

“இல்ல மதினி.” மஹ்மூதா ஒளிக்கவில்லை. “இதை மட்டும் சேக்கல. இதுக்குன்னு தனியாக் கேப்பீகளான்னு பாத்தேன்.”

“இப்பக் கேக்குறேன். உன் காக்கா என்னைய நம்பிச் சொன்னதை நான் உனக்குக் கொண்டுவந்து தரல. உன் படிப்பை நான் அழிச்சுட்டேன். பொருந்திக்க மஹ்மூதா.”

 மஹ்மூதா தரையில் கிடந்த சிவப்புப் பேனாவை எடுத்து மூடினாள். திருத்தி முடித்த நோட்டுகளை ஒரு பக்கமும் மிச்சத்தை ஒரு பக்கமும் அடுக்கினாள். நாற்பத்தெட்டு வருஷத்தை ஒரே மூச்சில் விழுங்க யாராலும் முடியாது. அஸ்கர் சோற்றில் கை வைத்தபடி அசையாமல் இருந்தான்.

“பொருந்திக்கிட்டேன் மதினி” என்றாள். “முழுசாப் பொருந்திக்கிட்டேன். நீங்களும் எனக்குப் பொருந்தணும். ஒட்டுக் கேட்டதுக்கு.”

“போடி கிறுக்கி.”

“சொல்லுங்க.”

“பொருந்திக்கிட்டேன்.”

இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மஹ்மூதா மீன் துண்டு ஒன்றை மதினியின் தட்டில் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல், “காக்கா அன்னைக்கு என்னையப் பத்திப் பேச ஆரம்பிக்கிறதுக்கு முந்தி, நான் கதவத் தொறக்குறப்ப, உங்களப் பத்தித்தான் ஏதோ பேசிக்கிட்டு இருந்தாக” என்றாள். “வார்த்தை ஒண்ணும் காதுல விழல. சிரிச்சுக்கிட்டே பேசினாக. அது மட்டும் கேட்டுச்சு.”

ஜெய்த்தூன் நிமிர்ந்தாள். 

அஸ்கர்தான் கேட்டான். “நெசமாவா மாமி? வாப்பா சிரிச்சாங்களா?”

மஹ்மூதா பதில் சொல்லுமுன் ஒரு கணம் மதினியின் முகத்தைப் பார்த்தாள்.

“சிரிச்சாக அஸ்கரு” என்றாள்.

அந்த ஒரு கணத்தை ஜெய்த்தூன் கவனித்தாள். அதற்குள் மஹ்மூதா அந்தப் பழைய கதவுக்கு வெளியே போய்க் காது கொடுத்துக் கேட்டுவிட்டு வந்தாளா, அல்லது எதிரே இருப்பவளுக்கு என்ன வேண்டும் என்று பார்த்தாளா? ஜெய்த்தூன் கேட்கவில்லை. தட்டைக் கொஞ்சம் நகர்த்தி நடுவில் வைத்து, மீனில் முள் எடுத்து ஒரு துண்டை மஹ்மூதாவின் பக்கம் ஒதுக்கினாள்.

“நீயும் கை வையி” என்றாள். “காலையிலருந்து நோட்டுத்தானே திருத்திக்கிட்டு இருக்க.”